புழு தேடும் கூம்பு நத்தை: ஒரு சிறிய கடல் வேட்டையாடி எப்படி வாழ்கிறது?

கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ராமேசுவரத்துக்குத் தர்ப்பணம் செய்யப் போய் வருகிறவர்கள், கோயில் வீதிக் கடைகளில் பிள்ளைகளுக்காக வாங்கி வரும் சிப்பிப் பொட்டலங்களில், பெரும்பாலும் ஒன்றிரண்டு கூம்பு வடிவ ஓடுகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. சங்கின் பெருமையோ சோழியின் பளபளப்போ அவற்றுக்கு இல்லாததால் அவற்றை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் அந்த ஓட்டுக்குள் வாழ்ந்த உயிர், நச்சு தோய்ந்த பல்லை எய்து இரை பிடிக்கும் ஓர் ஊனுண்ணி. கடலைப் பார்க்க மலையும் சமவெளியும் தாண்டிப் போகவேண்டிய கொங்கு நாட்டு வாசகர்களுக்கு, இந்த நத்தைக் குடும்பத்தின் சிறிய இனமொன்றை முதலில் அறிமுகப்படுத்தி, அதன் வழியாக ஒரு கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்: ஒரே பவளத்திட்டில், ஒரே அளவுள்ள, ஒரே வடிவமுள்ள பல கூம்பு நத்தை இனங்கள் ஒன்றையொன்று அழித்துவிடாமல் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன?

முதலில் உறவுமுறையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஐப்பசி மழைக்குப் பின் வாழைத் தோப்புகளிலும் வேலியோரங்களிலும் நாம் காணும் நத்தை, தாயம் ஆடும்போது உருட்டுகிற சோழி, பூசைக்கு ஊதுகிற சங்கு ஆகிய மூன்றுமே மெல்லுடலிகளில் வயிற்றுக்காலிகள் என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. அதாவது உடலின் அடிப்புறம் முழுவதையும் ஒரே தசைக்காலாக்கிக்கொண்டு ஊர்ந்து செல்பவை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் சங்கறுத்த துண்டுகளும் கிடைத்திருப்பதிலிருந்து, கடல் நத்தைகளின் ஓடுகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த உள்நாட்டுக்கு வந்து சேர்ந்தன என்பதும் தெரிகிறது. கூம்பு நத்தைகளும் இதே வகுப்பினவே. அவற்றின் குடும்பத்தில் இதுவரை 900-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரியவை 20 சென்டிமீட்டரையும் தாண்டி வளர்பவை; சிறியவை கட்டைவிரல் நகத்தின் அளவோடு நின்றுவிடுபவை.

நாம் எடுத்துக்கொள்ளும் இனத்தின் அறிவியல் பெயர் கோனஸ் எப்ரேயஸ். 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். ஓட்டின் மேலுள்ள கறுப்புத் திட்டுகள் எபிரேய எழுத்துகளை நினைவூட்டுவதால் தமிழில் இதை எபிரேயக் கூம்பு நத்தை என்று அழைக்கலாம். பெரும்பாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த நத்தை, செங்கடலிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் தொடங்கி, இந்தியப் பெருங்கடலின் பவளத்திட்டுகள் வழியாக ஹவாய்த் தீவுகளையும் தாண்டிப் பரவியிருக்கிறது. கடலடியில் ஊர்ந்து மிக மெதுவாகவே நகரக்கூடிய ஓர் உயிர் இவ்வளவு பெரிய பரப்பில் எப்படிப் பரவியது என்று கேட்பது நியாயமே. கற்களின் அடிப்பக்கத்தில் ஒட்டவைக்கப்பட்ட முட்டைப் பைகளிலிருந்து வெளிவரும் நுண்ணிய இளவுயிரிகள், தரையில் குடியேறுவதற்கு முன் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிகின்றன. அந்த மிதவைக் காலமே இந்த இனத்தின் பயணக் காலம்.

ஓட்டைக் கையில் எடுத்துச் சற்று நிதானமாகப் பார்த்தால் அதன் அமைப்பே பலவற்றைச் சொல்லும். வெண்மையான அல்லது இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட பரப்பில், சதுரமும் அல்லாத வட்டமும் அல்லாத கறுப்புத் திட்டுகள் மூன்று நான்கு வரிசைகளாகச் சுற்றி ஓடுகின்றன. அகன்ற பக்கத்திலுள்ள சுருள் தட்டையாகவே அடங்கியிருக்கிறது. அதன் தோளில் வரிசையாகச் சிறு முண்டுகள் இருப்பதை விரல் தடவினால் உணரலாம். வாய்த்திறப்பு, ஓட்டின் நீளம் முழுவதும் ஓடும் ஒரு குறுகிய கீறல். நண்டின் கொடுக்கு எளிதில் நுழைய முடியாத அளவுக்கு அது ஒடுங்கியிருக்கிறது. உயிருள்ள நத்தையில் இந்த ஓட்டின் மேல் மங்கிய மஞ்சள் நிறத் தோலொன்று படர்ந்திருப்பதால், கடையில் மெருகேற்றி விற்கப்படும் ஓட்டின் பளிச்சென்ற கறுப்பு வெள்ளை, கடலடியில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

கூம்பு நத்தையின் ஓட்டை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துப் பார்த்தால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. வெளிச்சுவர் நல்ல தடிமனாக இருக்க, உள்ளே சுருண்டு செல்லும் பழைய சுவர்கள் காகிதம் போல் மெலிந்திருக்கும். நத்தை வளர வளர, தான் முன்பு கட்டிய உட்சுவர்களின் சுண்ணாம்பைத் தானே கரைத்து, உடலுக்கு இடத்தை உண்டாக்கிக்கொள்கிறது. எதிரி தாக்குவது வெளிச்சுவரைத்தான் என்பதால், காப்புக்குத் தேவையான இடத்தில் கனத்தையும், தேவையற்ற இடத்தில் மெலிவையும் வைத்துக் கட்டப்பட்ட வீடு இது. என் பார்வையில், இந்தக் குடும்பத்தின் ஓடுகளில் வெளியே தெரியும் கோலங்களைக் காட்டிலும் உள்ளே மறைந்திருக்கும் இந்தச் சிக்கனமே பாராட்டத் தக்கது.

எபிரேயக் கூம்பு நத்தை வாழும் இடம் ஆழ்கடல் அல்ல. ஓதம் வற்றும்போது கிட்டத்தட்ட வெளியே தெரியும் பாறைத் தளங்களிலும், பவளத்திட்டின் மேல்மட்டத்திலுள்ள ஆழமற்ற குட்டைகளிலும் அது வாழ்கிறது. பகலில் மணல் படிந்த பள்ளங்களிலும் பாசிக்கடியிலும் ஒடுங்கிக் கிடக்கும் அது, இருட்டிய பின் இரை தேடிப் புறப்படுகிறது. கண்கள் இருந்தாலும் அவற்றை நம்பி அது வேட்டையாடுவதில்லை. ஓட்டின் குறுகிய முனையிலிருந்து நீளும் நீர்க்குழலால் தண்ணீரை உள்ளிழுத்து, அதில் கரைந்துள்ள இரையின் வாடையை உள்ளேயுள்ள ஓர் உணர்வுறுப்பால் அறிந்து, வாடை வரும் திசையில் மெதுவாக நகர்கிறது.

அந்த இரை, புழு. நம் தோட்டத்து மண்புழு எந்தத் தொகுதியைச் சேர்ந்ததோ, அதே வளைதசைப் புழுக்களின் தொகுதியில் கடலுக்கென்றே உள்ள பெரும் பிரிவு ஒன்று உண்டு. உடலின் ஒவ்வொரு வளையத்திலும் பக்கத்துக்கொரு கொத்தாக முட்கள் கொண்ட இப்புழுக்கள் மணலுக்குள்ளும், செத்த பவளப்பாறையின் துளைகளுக்குள்ளும், பாசிக் கொத்துகளுக்குள்ளும் எண்ணற்ற அளவில் வாழ்கின்றன. கூம்பு நத்தை என்றதும் மீன் பிடிக்கும் நத்தையே பலரின் நினைவுக்கு வருகிறது. இணையக் காணொளிகளும் அதையே காட்டுகின்றன. ஆனால் இந்தக் குடும்பத்தின் மிகப் பெரும்பாலான இனங்கள் புழு தின்பவை. பிற நத்தைகளைத் தின்பவை அவற்றைவிடக் குறைவு. மீன் பிடிப்பவையும் அப்படியே. ஆகவே எபிரேயக் கூம்பு நத்தையைப் புரிந்துகொண்டால், இக்குடும்பத்தின் பொது வழக்கைப் புரிந்துகொண்டதாகும்.

இப்போது வேட்டைக் கருவிக்கு வருவோம். தரை நத்தையின் வாயில் ராடுலா என்ற நாக்கு உண்டு. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் பதிந்த அந்த நாடாவால் அது இலையை அராவித் தின்கிறது. கூம்பு நத்தையில் அந்த நாடா மறைந்துவிட்டது. பற்கள் மட்டும் தனித்தனியே, ஒரு பைக்குள், பல்வேறு வளர்ச்சி நிலைகளில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பல்லும் மெல்லிய தகட்டைச் சுருட்டியதைப் போல உருவாகி, நடுவில் துளையும் முனையில் கூர்மையும் அதற்குச் சற்றுக் கீழே பின்னோக்கி வளைந்த கொக்கியும் கொண்டு விளங்குகிறது. பூச்சிகளின் புறத்தோலை ஆக்கும் கைட்டின் என்ற பொருளே இதற்கும் மூலப்பொருள். மூன்று சென்டிமீட்டர் நத்தையின் பல் வெறும் கண்ணுக்கு ஒரு துரும்பாக மட்டுமே தெரியும். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால்தான் அது ஓர் ஈட்டி என்பது விளங்கும்.

புழுவை நெருங்கியதும் நத்தை தன் வாய்க்குழலை நீட்டுகிறது. பையிலிருந்து ஒரே ஒரு பல் வாய்க்குழலின் நுனிக்கு வந்து நிற்கிறது. உடலுக்குள் நீண்ட குழாயாகச் சுருண்டு கிடக்கும் நச்சுச் சுரப்பியின் கடைசியில், தசையாலான ஒரு குமிழ் இருக்கிறது. அது நச்சை வாய்க்குழலை நோக்கித் தள்ளுகிறது. நுனி புழுவின் உடலைத் தொட்ட கணத்தில் பல் உள்ளே பாய்ந்து, அதன் துளை வழியே நச்சு இறங்குகிறது. மீன் பிடிக்கும் இனங்களில் அளந்து பார்த்தபோது, இந்தப் பாய்ச்சல் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுவது தெரிந்தது. விலங்குலகின் மிக விரைவான அசைவுகளில் ஒன்றை, மிக மெதுவாக நகரும் விலங்குகளில் ஒன்று நிகழ்த்துகிறது. ஒருமுறை பயன்பட்ட பல் மறுமுறை பயன்படாது. அடுத்த வேட்டைக்குப் பையில் அடுத்த பல் இருக்கிறது. செயலிழந்த புழுவை நத்தை வாயை அகல விரித்து முழுதாக விழுங்கிவிடுகிறது.

நச்சு என்ற சொல்லை நாம் ஒருமையில் சொன்னாலும், கூம்பு நத்தையின் நச்சு ஒற்றைப் பொருள் அல்ல. ஒரே இனத்தின் நச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு பெப்டைடுகள், அதாவது சிறு புரதத் துண்டுகள், கலந்திருக்கக்கூடும். கோனோடாக்சின்கள் எனப்படும் இவற்றில் பெரும்பாலானவை பத்து முதல் நாற்பது வரையிலான அமினோ அமிலங்களால் ஆனவை. இவ்வளவு சிறிய துண்டு, கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால், தன் வடிவத்தை உறுதியாகக் காத்துக்கொள்கிறது. நரம்புச் செல்களின் சுவரில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய அயனிகள் புகுந்து வெளியேறத் தனித்தனி வாயில்கள் உள்ளன. நரம்பில் செய்தி ஓடுவது இவ்வாயில்கள் திறந்து மூடுவதால்தான். பெரும்பாலும் ஒவ்வொரு கோனோடாக்சினும் இத்தகைய வாயில்களில் குறிப்பிட்ட ஒரு வகையை மட்டும் தேடிப் பிடித்து, அதைத் திறக்கவிடாமலோ மூடவிடாமலோ செய்கிறது. இந்தத் துல்லியமே கோனோடாக்சின்களைப் பிற நச்சுகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்வி. 1950-களில் ஹவாய்த் தீவுகளின் கரையோரத்தில் ஆலன் கோன் என்ற அமெரிக்க உயிரியலாளர், கூம்பு நத்தைகள் எங்கே வாழ்கின்றன, எதைத் தின்கின்றன என்பதை விரிவாக ஆராய்ந்து 1959-இல் வெளியிட்டார். தின்றதைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழி எளிமையானது, பொறுமை மிகுதியாக வேண்டுவது: நத்தையின் குடலிலும் கழிவிலும் செரிக்காமல் எஞ்சும் புழுவின் முட்களையும் தாடைகளையும் உருப்பெருக்கியில் பார்த்து, அவை எந்தப் புழுவுக்கு உரியவை என்று அடையாளம் காண்பது. அப்படிப் பார்த்தபோது, பக்கத்தில் பக்கத்தில் வாழும் இனங்களின் உணவு பெரிதும் வேறுபட்டிருந்தது. எபிரேயக் கூம்பு நத்தை முதன்மையாகப் பாறைத் துளைகளில் வாழும் பலோலா என்ற புழுவைத் தின்றது. அதனோடு கூடவே வாழ்வதும், கோலத்தில் அதனை மிகவும் ஒத்திருப்பதுமான கோனஸ் கால்டேயஸ், பாசிக் கொத்துகளில் வாழும் பிளாட்டிநெரெயிஸ் என்ற வேறொரு புழுவையே பெரிதும் நாடியது.

மானாவாரிக் காட்டில் சோளத்தோடு தட்டைப்பயறையும் மொச்சையையும் சேர்த்து விதைக்கும் கொங்கு உழவருக்கு இந்த ஏற்பாடு புரியாத ஒன்றல்ல. மண்ணும் மழையும் ஒன்றாகவே இருந்தாலும், ஒவ்வொரு பயிரின் வேரும் வேறு ஆழத்தில் ஈரத்தைத் தேடுவதாலும், ஒவ்வொன்றும் வேறு நேரத்தில் முற்றுவதாலும் அவை ஒன்றையொன்று நெருக்கிவிடாமல் விளைகின்றன. அவ்வாறே கூம்பு நத்தைகளும் ஒரே திட்டின் வளத்தை இரையின் வகையாலும், வாழும் நுண்ணிடத்தாலும் பங்கிட்டுக்கொள்கின்றன. உயிரியலில் ஓர் இனம் தன் சூழலில் வகிக்கும் இந்தத் தனிப் பங்கை வாழ்நிலை என்று சொல்கிறோம். இக்கட்டுரையிலிருந்து வாசகர் ஒரே ஒரு கருத்தை நினைவில் கொள்வதானால், அது இதுவாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

பங்காளிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கும் இயற்கையே ஒரு சோதனைக் களத்தை அமைத்து வைத்திருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் தென்கிழக்கில், பிற நிலங்கள் அனைத்திலிருந்தும் வெகு தொலைவில் ஈஸ்டர் தீவு இருக்கிறது. அங்கே கூம்பு நத்தைகளில் கோனஸ் மிலியாரிஸ் என்ற ஒரு சிறிய இனமே ஏறத்தாழத் தனியாகக் குடியிருக்கிறது. பிற கடல்களில், பல உறவினங்களுக்கு நடுவில் வாழும்போது இந்த இனத்தின் உணவுப் பட்டியல் குறுகியது. ஈஸ்டர் தீவிலோ, அது கூடுதலான நுண்ணிடங்களில் பரவி, கூடுதலான வகைப் புழுக்களைத் தின்பதை 1978-இல் கோன் எடுத்துக்காட்டினார். பின்னர் 2009-இல் தாமஸ் டூடாவும் அவரது உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஈஸ்டர் தீவு நத்தைகளின் நச்சு மரபணுக்களைப் பிற இடங்களிலுள்ள அதே இனத்தின் மரபணுக்களோடு ஒப்பிட்டபோது, உணவு மாறிய இடத்தில் நச்சிலும் மாற்றம் நிகழ்ந்திருப்பதற்கான தடயங்கள் தெரிந்தன.

நச்சு இவ்வளவு விரைவாக மாறக் காரணம் என்ன என்பதற்கு, டூடாவும் ஸ்டீபன் பலும்பியும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஹவாயிலுள்ள ஒரு சிறிய, புழு தின்னும் இனத்தையே. நச்சை உண்டாக்கும் மரபணு, தலைமுறைகளின் போக்கில் படியெடுக்கப்பட்டு இரண்டாகிறது. ஒரு படி பழைய வேலையைச் செய்துகொண்டிருக்க, மற்றப் படி மாறுவதற்கு இடம் கிடைக்கிறது. அது மறுபடியும் படியெடுக்கப்படுகிறது, மறுபடியும் மாறுகிறது. கூம்பு நத்தைகளில் இந்த மாற்றம், விலங்குகளின் மரபணுக்களில் அறியப்பட்டுள்ள மிக விரைவான மாற்றங்களுள் வைத்து எண்ணத்தக்கதாக இருந்தது. ஓர் இனத்தின் நச்சில் நூற்றுக்கணக்கான பெப்டைடுகள் இருப்பதும், இரண்டு இனங்களின் நச்சுகள் பெரிதும் பொருந்தாமல் இருப்பதும் இதனாலேயே.

புழு தின்பவை எளிய வேட்டைக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்குக் கோனஸ் இம்பீரியாலிஸ் என்ற இனம் சான்று. அதன் நச்சில், பெப்டைடுகள் அல்லாத இரண்டு சிறு மூலக்கூறுகள் இருப்பதையும், அவை கடற்புழுக்கள் இணைசேரும் காலத்தில் வெளிவிடும் கவர்ச்சிப் பொருள்களை ஒத்திருப்பதையும் 2021-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆய்வகத்தில் அந்த மூலக்கூறுகளைக் கொடுத்தபோது புழுக்கள் இணைசேர்வதற்குரிய அசைவுகளைச் செய்யத் தொடங்கின. துளைக்குள் ஒளிந்திருக்கும் புழுவைத் துரத்திப் பிடிக்க முடியாத நத்தைக்கு, அதைத் தானாகவே வெளியே வரவைக்கும் வழி இது என்பது அவர்களின் விளக்கம்.

இவற்றோடு ஒப்பிட்டால், மீன் பிடிக்கும் இனங்களின் கதை பலருக்கும் ஓரளவு தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த பால்டொமெரோ ஒலிவேரா, முதலில் மணிலாவில் லூர்து குரூஸ் என்ற வேதியியலாளரோடும், பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திலும் கூம்பு நத்தை நச்சுகளைப் பிரித்து ஆராய்ந்தார். அங்கே அவரது ஆய்வகத்தில் இளநிலை மாணவராக இருந்த மைக்கேல் மெக்கின்டோஷ், கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் நச்சிலிருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். நரம்பில் கால்சியம் வாயிலின் ஒரு வகையை மட்டும் அடைத்து, வலிச்செய்தி தண்டுவடத்தைத் தாண்டாமல் தடுக்கும் அந்தப் பெப்டைடு, ஜிகோனோடைடு என்ற பெயரில் 2004-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் நேரடியாகச் செலுத்தவேண்டியிருப்பதால் அது எல்லோருக்குமான வலி மருந்து அல்ல; ஆனால் மார்ஃபீனைப் போல உடலைப் பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. நம் நாட்டிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் குழுவினர் தமிழகக் கடற்கரையில் கிடைக்கும் கூம்பு நத்தைகளின் பெப்டைடுகளை ஆராய்ந்துள்ளனர்.

மருந்தாய்வின் கவனம் மீன் பிடிக்கும் இனங்களின் பக்கமே நெடுங்காலம் சாய்ந்திருந்தது இயல்புதான். மீனின் நரம்பு மண்டலம் மனிதருடையதற்கு நெருக்கமானது. எனவே அதைச் செயலிழக்கச் செய்யும் நச்சு நம்மிடமும் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். இருந்தாலும், இக்குடும்பத்தில் மிகுதியாக உள்ள புழுத் தின்னிகள் இவ்வளவு காலம் ஓரமாக வைக்கப்பட்டது இழப்பே என்று கருதுகிறேன்.

இனங்களைப் பிரித்தறிவதில் ஓட்டின் கோலத்தை மட்டும் நம்ப முடியாது என்பதையும் எபிரேயக் கூம்பு நத்தையே நமக்குக் கற்பித்தது. 1895-இல் பெர்க் என்ற டென்மார்க் அறிஞர், இதைப் போன்ற ஓடும் வேறு வடிவப் பல்லும் கொண்ட ஒன்றைத் தனி இனமாகப் பிரித்து, கோனஸ் ஜூடேயஸ் என்று பெயரிட்டார். ஓடு ஒன்றுபோலவே இருந்ததால் பிற்காலத்தவர் அந்தப் பிரிவை ஏற்காமல் விட்டனர். 2009-இல் ஜப்பானின் ஓக்கினாவா நத்தைகளின் மரபணுக்களைப் பார்த்தபோது, உண்மையிலேயே இரண்டு இனங்கள் கலந்திருப்பது தெரிந்தது. பல்லை அளந்து பெர்க் சொன்னது நூறாண்டுக்குப் பின் உறுதியானது.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்குத் தேவையான செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. புழு தின்னும் சிறிய இனங்களின் கொட்டு பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. மரணங்களுக்குப் பெரிதும் காரணமானது கோனஸ் ஜியோகிராபஸ் என்ற மீன்பிடி இனமே. அதன் கொட்டில் தொடக்கத்தில் வலி மிகக் குறைவாகவும் இருக்கலாம். பிறகு உதடு மரத்துப்போவது, பார்வை மங்குவது, பேச்சு குழறுவது, மூச்சுத் தசைகள் செயலிழப்பது என்று நிலைமை மணிக்கணக்கில் மோசமாகலாம். நம் பகுதியில் கட்டுவிரியன் கடித்தவருக்குக் கொடுக்க நச்சுமுறி மருந்து உண்டு. கூம்பு நத்தையின் கொட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆயினும் செயற்கைச் சுவாசம் கிடைத்தால், நச்சு உடலைவிட்டு நீங்கும் வரை நோயாளியைக் காப்பாற்ற முடியும். எனவே கொட்டுப்பட்ட இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ செய்யாமல், கையையோ காலையோ அசையாமல் வைத்து, செயற்கைச் சுவாசக் கருவியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். சிறியது எது, கொடியது எது என்று நீருக்குள் பார்த்துத் தீர்மானிப்பது பழக்கமில்லாதவருக்கு இயலாது. வாய்க்குழல் ஓட்டின் பின்பக்கம் வரை வளையக்கூடியது என்பதால், அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் தவறு. உள்ளே உயிருள்ள எந்தக் கூம்பு நத்தையையும் கையில் எடுக்கவோ, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவோ கூடாது.